மூன்று துளைகளும் ஒரு வெள்ளி நாக்கும்

நாற்பதைத் தாண்டி, தலைக்கு மை பூசுவதா விடுவதா என்று கண்ணாடி முன் நிற்கிற நம் வயதுக்காரர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். இளசுகளுக்குப் பாதி விளங்காது. சவுண்ட் கார்டு என்று ஒன்று தனியாக இருந்தது, அதைக் கடையில் கேட்டு வாங்கி, கம்பியூட்டரின் வயிற்றைத் திறந்து செருக வேண்டும், செருகாவிட்டால் அந்தப் பெட்டி வாய் திறக்காது என்று சொன்னால் என் மகனே சிரிக்கிறான்.

போன மாதம் முழுக்க எனக்குக் காதில் ஒரே இரைச்சல். கண்டியில் காது பரிசோதிக்கும் ஓர் இடத்துக்குப் போனேன். சின்ன அறைக்குள் உட்கார வைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்து, "சத்தம் கேட்டா மட்டும் அமத்துங்க" என்றாள் அங்கிருந்த பிள்ளை. நான் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தெரிந்த அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் புருவம் அசைந்தால் ஏதோ சத்தம் அனுப்புகிறாள் என்று ஊகித்து அமத்தினேன். ஐந்தாறு தடவை ஆனதும் அவள் கதவைத் திறந்தாள். "அன்ட்டி, கேக்காததுக்கும் அமத்துறீங்க. யார ஏமாத்துறீங்க?" என்றாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். நான் ஹெட்போனைக் கழற்றிக் கொடுத்துவிட்டு எழுந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அலுமாரியின் அடித்தட்டைக் கிளறி, பழைய பிஸ்கட் டின்னுக்குள் கிடந்த எங்கள் வீட்டுச் சவுண்ட் கார்டை எடுத்தேன். உள்ளங்கை நீளத்துக்கு ஒரு பச்சைத் தகடு. ஓர் ஓரத்தில் மங்கிப்போன தங்க நிறப் பற்கள். வெளியே தெரியும் தகரப் பக்கத்தில் மூன்று துளைகள். பிறகு வந்தவற்றில் மைக்குக்கு இளஞ்சிவப்பு, ஸ்பீக்கருக்குப் பச்சை என்று நிறம் பூசிவிட்டார்கள். எங்களுடையதில் மூன்றும் கறுப்பு. பக்கத்தில் ஊசியால் கீறியதுபோல் சின்னச் சின்னப் படங்கள் மட்டும் இருக்கும். இப்போது அவை கண்ணாடி போடாமல் எனக்குத் தெரிவதில்லை. அன்றைக்கு அதைக் கொண்டுவந்த மாமாவுக்குக் கண் நன்றாக இருந்தும் தெரியவில்லை.

அப்போது எனக்குப் பதினொரு வயது, தங்கச்சிக்கு நாலு. பன்வில பஸாரில், அப்பா வேலை பார்த்த சில்லறைக் கடையின் மேல்மாடியில் குடியிருந்தோம். பலகைத் தளம். கீழே ஒரு சீனி மூட்டையை இறக்கினால் மேலே எங்கள் பாதத்துக்குத் தெரியும். பலகை இடுக்குகளால் கருவாடும் மண்ணெண்ணெயும் வெங்காயச் சருகும் கலந்த ஒரு வாசம் ஏறி வரும். பள்ளிக்கூடத்தில் என் சட்டையை முகர்ந்தே என்னைக் கண்டுபிடிப்பார்கள்.

அந்தச் சித்திரை விடுமுறையில்தான் அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, கண்டியிலிருந்து கம்பியூட்டரைக் கொண்டுவந்தார். பஸ்ஸில் இரண்டு தடவையாக வந்தது. இரண்டாம் தடவை மொனிட்டரை மடியில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறார். அதற்கும் ஒரு டிக்கட் எடுக்கச் சொன்ன கண்டக்டரோடு வத்தேகம வரை வாய்ச்சண்டை. எங்கள் முன்னறையில் அதை வைத்து, தேயிலைத் தோட்டத்துப் பொடியன்களுக்கும் பெட்டைகளுக்கும் வகுப்பு நடத்துவது அவர் திட்டம். ஆறு மாதக் கோர்ஸ் ஒன்றை அவர் முக்கால்வாசி படித்திருந்தார்.

பாடம் எடுக்கும்போது பெட்டியைத் திறந்து, அம்மாவின் பின்னல் ஊசியால் தொட்டுத் தொட்டுக் காட்டுவார். நான் சமையலறை வாசலில் நின்று கேட்பேன்.

"இந்தா, இதுதான் மூள. இது ஞாபகசக்தி. இந்தப் பொட்டி இதயம், இங்கயிருந்துதான் கரண்ட் ஓடுது. இது இருக்கே, சவுண்ட் கார்டு, இதுதான் தொண்ட. தொண்ட இல்லாட்டி கம்பியூட்டர் ஊம."

அந்தக் கடைசிச் சொல் விழும்போது அரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்மாவின் சுளகு ஒரு கணம் நிற்கும். தங்கச்சிக்கு நாலு வயதாகியும் ஒரு சொல் வரவில்லை. மென்றுகொண்டே முனகுவாள், சிரிப்பாள், கோபம் வந்தால் "பா" என்று கத்துவாள். மற்றபடி துறுதுறுவென்ற பிள்ளை. வீட்டில் தொலைந்த சாமான்களையெல்லாம் கடைசியில் அவள்தான் தேடி எடுத்துக் கொடுப்பாள்.

வீட்டில் யாருக்கும் அவள் காதில் சந்தேகம் இல்லை. அப்பாவே ஐந்து வயதில்தான் பேசினாராம், அவர் பக்கத்து ஆட்களுக்கு நாக்கு சுணங்கித்தான் திரும்புமாம். "நாக்குத்தான் தடிச்சிருக்கு, காது பாம்புக் காது" என்று சொல்லி, அப்பா பலகையில் தகரத் தட்டைப் போட்டுக் காட்டுவார். அவள் சட்டென்று திரும்புவாள். மாமா வந்த பிறகு இன்னொரு சாட்சியும் சேர்ந்தது. பாட்டுக் கேட்பதற்காக அவர் ஒரு பழைய மரப்பெட்டி ஸ்பீக்கரைக் கார்டில் பொருத்தித் தரையில் வைத்திருந்தார். பாட்டுத் தொடங்கியதும் தங்கச்சி ஓடிவந்து அதன்மேல் கன்னத்தை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வாள். வகுப்புக்கு வந்த பெட்டைகள் கன்னத்தைக் கிள்ளுவார்கள். "பாத்தியா அக்கா, பாட்டுப் பைத்தியம். எந்தத் தலைமுறையிலயும் இல்லாத சங்கீத ஞானம்!" என்பார் மாமா.

எனக்கும் அவளுக்கும் ஒரு பழக்கம் இருந்தது. அவளைக் கூப்பிட வேண்டுமென்றால் நான் குதிகாலால் பலகையில் இரண்டு தட்டுத் தட்டுவேன். எங்கிருந்தாலும் திரும்பி என்னைத்தான் பார்ப்பாள். ஏன் வாயால் கூப்பிடவில்லை என்று நான் யோசித்ததே இல்லை. எப்போது தொடங்கியது என்றும் நினைவில்லை.

அம்மா தோட்டத்து மாரியம்மனுக்கு வேண்டுதல் வைத்திருந்தார். திருவிழாவன்று வெள்ளியில் ஒரு நாக்குச் செய்து போடுவதாக. கை நொந்தவர் வெள்ளிக் கையும், கண் நொந்தவர் வெள்ளிக் கண்ணும் போடுவது நமக்குத் தெரிந்த வழக்கம்தானே. அதை வாங்க அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு கண்டிக்குப் போனார். நகைக்கடைக்காரர் ஒரு சிவப்புத் துணியை விரித்து, தகடு தகடாக அடுக்கினார். கண், கால், வயிறு, நாக்கு, காது.

"பிள்ளைக்கு எது சரியில்ல?" என்று கேட்டார்.

"பேச்சு வரலைங்க."

"அப்போ நாக்கு" என்று அவரே எடுத்துக் கொடுத்தார். பெருவிரல் நகம் அளவில், நடுவில் ஒரு கோடு போட்ட ஒரு தகடு. எனக்குக் காதுதான் பிடித்திருந்தது. அதில் வேலைப்பாடு அதிகம். எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். "இல்லாத சீக்கத் தொடாத" என்று அம்மா என் கையில் ஓர் அடி போட்டுப் பிடுங்கி வைத்தார்.

திருவிழாவுக்கு மூன்று நாள் இருக்கும்போது மாமா ஒரு மைக் வாங்கி வந்தார். தன் குரலில் ஓர் அறிவித்தல் பதிந்து, கோயில் ஒலிபெருக்கியில் தன் வகுப்புக்கு விளம்பரம் போடுவது அவர் ஆசை. சட்டையெல்லாம் மாற்றிக்கொண்டு உட்கார்ந்தார். பதிவு செய்யும்போது திரையில் ஒரு கறுப்புக் கட்டமும், அதற்கு நடுவே ஒரு பச்சைக் கோடும் தெரியும். சத்தம் வந்தால் கோடு எகிறும். மாமா "ஹலோ, ஹலோ" என்றார். கோடு படுத்தே கிடந்தது. தொண்டை கட்டும்வரை கத்தினார். கீழிருந்து முதலாளி, மேலே என்ன தீப்பிடித்துவிட்டதா என்று கேட்டு ஆள் அனுப்பினார். "மைக்ல கோளாறு. ஏமாத்திப்புட்டானுங்க" என்று மேசையில் எறிந்துவிட்டு மாமா படுக்கப் போய்விட்டார்.

மறுநாள் மத்தியானம் மழை. மாமா கோயில் வேலையாகத் தோட்டத்துக்குப் போயிருந்தார், அம்மா கீழே தண்ணீர் பிடிக்கப் போயிருந்தார். தொடக்கூடாது என்று சொன்ன பெட்டியைத் தொட எனக்கு அதைவிட நல்ல நேரம் கிடைக்காது. பின்பக்கம் விரலால் தடவி, மைக்கின் முனையைப் பிடுங்கி அடுத்த துளையில் செருகினேன். முன்னால் வந்து மைக்கில் மூச்சு விட்டேன். பச்சைக் கோடு துள்ளியது.

பிறகு படித்துத் தெரிந்துகொண்டதை இங்கே சொல்லிவிடுகிறேன். சத்தம் என்பது காற்றின் நடுக்கம். நம் செவிப்பறை நடுங்குவதுபோல் மைக்குக்குள் இருக்கும் மெல்லிய தோல் நடுங்கி, அந்த நடுக்கம் மின்சாரமாகிக் கார்டுக்குள் போகும். கார்டு அதை ஒரு செக்கனுக்கு நாற்பத்து நாலாயிரம் தடவைக்கு மேல் அளந்து இலக்கங்களாக எழுதிவைக்கும். நம் உள்காதில் நத்தைச் சுருள் மாதிரி இருப்பதற்குள் மயிர் போன்ற நுண்ணிய உயிரணுக்கள் அந்த வேலையைச் செய்து மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. திரும்பி வரும்போது அதே கார்டு இலக்கங்களை மின்சாரமாக்கி ஸ்பீக்கரின் காகிதக் கூம்பை உதற வைக்கும், நம் குரல்வளை காற்றை உதறுவதுபோல. ஆக அந்தத் தகட்டில் தொண்டையும் உண்டு, காதும் உண்டு. மாமா தொண்டையை மட்டும் படித்துவிட்டு வந்திருந்தார். காதுக்கான துளை அடைபடாமல் பக்கத்திலேயே திறந்து கிடந்தது.

பதினொரு வயதில் எனக்கு விளங்கியது இவ்வளவும் இல்லை. மைக்கைத் தங்கச்சியின் வாயருகே பிடித்தேன். அவள் ஊதினாள், நக்கிப் பார்த்தாள், பிறகு "பா… ஆ… பா" என்று கத்தினாள். கோடு மலை மலையாக எழுந்தது. அவளுக்குத் தொண்டை இருக்கிறது என்று எனக்கு ஒரே சந்தோஷம். அவள் குரலை அவளுக்கே போட்டுக் காட்டி வியக்க வைக்க வேண்டும் என்று நினைத்தேன். கீழே முதலாளிக்குக் கேட்கக்கூடாதே என்று ஸ்பீக்கரைத் தூக்கிக் கட்டில் மெத்தைமேல், தலையணைக்கு நடுவில் வைத்தேன். அதற்குள் அவள் ஜன்னலுக்குப் போய், மழைக்கு ஆவி படிந்த கண்ணாடியில் விரலால் கீறிக்கொண்டிருந்தாள். அவளுடைய "பா… ஆ… பா"வைப் போட்டேன்.

அவள் திரும்பவில்லை. சத்தத்தைக் கூட்டினேன். திரும்பவில்லை. முழுக்கத் திருகினேன். கூரை விளிம்புக்கடியில் மழைக்கு ஒதுங்கியிருந்த காகங்கள் கத்திக்கொண்டு பறந்தன. அவள் கண்ணாடியில் ஒரு பூ கீறி முடித்து, அதற்குக் காம்பு வைத்தாள். நான் அதை நிறுத்திவிட்டு, குதிகாலால் பலகையில் இரண்டு தட்டினேன். திரும்பிச் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பைப் பார்த்ததும்தான் எனக்கு விளங்கியது. தகரத் தட்டும் மரப்பெட்டியும் என் குதிகாலும் எல்லாம் பலகை வழியாகத்தான் அவளிடம் போயிருந்தன. மாமா நேற்றுக் கத்தியபோது படுத்துக் கிடந்த பச்சைக் கோடு மாதிரி, எங்கள் பேச்செல்லாம் நாலு வருஷமாக அவளுக்கு வெறும் கோடு. உள்ளே போகாத சொல் எப்படி வெளியே வரும்?

அம்மா வாளியோடு ஏறி வந்ததும் சொன்னேன். "அம்மா, தங்கச்சிக்கு நாக்குல ஒன்னுமில்ல. காதுதான். அவளுக்குக் கேக்கவே கேக்காது."

அம்மாவின் முகம் வெளுத்தது. "வாயக் கழுவுடி! நாளான்னைக்கு சாமிக்குக் குடுக்கப் போற நேரத்துல, கரிநாக்க வச்சுக்கிட்டு என்ன பேச்சுப் பேசுற?"

எனக்கு அப்படி ஒரு பெயர் இருந்தது. கடைச் சாமான் ஏற்ற அப்பா போகும் லொறிப் பயணம் நடக்காது என்று ஒருமுறை விளையாட்டாகச் சொல்லி, அன்றைக்கே மண் சரிந்து பாதை மூடிவிட்டது. அதிலிருந்து நான் கெட்டது சொன்னால் பலிக்கும் என்று அம்மா நம்பினார். நானும் நம்பினேன்.

பின்னேரம் மாமா வந்து, நான் பெட்டியைத் தொட்டதற்கு முதலில் ஒரு குட்டு வைத்தார். மைக் சரியாகிவிட்டதைக் கண்டதும் அவருக்கு அதைவிடக் கோபம். "பெரிய இன்ஜினியரு! சரி அக்கா, இவ சொல்ற மாதிரியே செஞ்சு பாத்துருவோம். பொறகு வாயத் தொறக்க மாட்டா" என்றார். அப்பாவும் கடையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு ஏறி வந்தார். ஸ்பீக்கர் மெத்தைமேல். தங்கச்சி ஜன்னல் பக்கம் திரும்பி நின்று கடதாசி கிழித்துக்கொண்டிருந்தாள். அம்மா, மஞ்சள் துணியில் முடிந்த வெள்ளி நாக்கைக் கைக்குள் பொத்திக்கொண்டு சுவரோடு நின்றார்.

மாமா பாட்டைப் போட்டார். அவள் திரும்பவில்லை. கூட்டினார். திரும்பவில்லை. அப்பா என்னைப் பார்த்தார். நான் சொன்னது சரி என்று அந்த அறையில் எல்லாருக்கும் தெரிந்துவிட்ட ஒரு நேரம் அது. இன்னும் ஒரு நிமிஷம் அப்படியே நின்றிருந்தால் போதும். மாமா கடைசிவரைக்கும் திருகினார். "திரும்புடி தங்கம்… அம்மாவுக்காகத் திரும்புடி…" என்று அம்மாவின் உதடு அசைந்தது.

நான் குதிகாலால் இரண்டு தட்டினேன்.

பாட்டுச் சத்தத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை. தங்கச்சி திரும்பி, வழக்கம்போல் என்னைப் பார்த்துச் சிரித்தாள். அம்மா ஓடிப்போய் அவளைத் தூக்கி முகமெல்லாம் முத்தமிட்டார். அப்பா என் தலையில் செல்லமாகத் தட்டி, "வந்துட்டா பெரிய டொக்டரு" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஏன் செய்தேன் என்று எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்துவிட்டேன். அம்மாவின் முகம் தாங்கவில்லை என்பது உண்மை. அதைவிடப் பெரிய உண்மை, நான் வாயால் சொன்னதால்தான் அவளுக்குக் காது போய்விட்டது என்று பயந்தேன். அவள் திரும்பிவிட்டால் நான் சொன்னது பொய்யாகிவிடும், அவளுக்கும் சரியாகிவிடும் என்று நினைத்தேன். பிள்ளைப் புத்தி. ஆனால் அதைச் செய்த கால் என்னுடையதுதான்.

திருவிழாவன்று பூசாரி வெள்ளி நாக்கை அம்மன் காலடியில் வைத்து, தங்கச்சியை நாக்கு நீட்டச் சொல்லித் திருநீறு தொட்டு வைத்தார். மாமாவின் அறிவித்தல் ஒலிபெருக்கியில் முழங்கியது. அவள் அப்பாவின் தோளில் கிடந்து பஞ்சுமிட்டாய் தின்றுகொண்டிருந்தாள். அடுத்த வாரம் மாமா வகுப்பில், "சவுண்ட் கார்டுக்குத் தொண்டையும் இருக்கு, காதும் இருக்கு" என்று பின்னல் ஊசியால் காட்டினார், ஏதோ தாய் வயிற்றிலிருந்தே தெரிந்துகொண்டு வந்தவர்போல.

அதன்பிறகு நான் பலகையில் தட்டுவதை அடியோடு விட்டுவிட்டேன். நான் தட்டாவிட்டால் பெரியவர்களே கண்டுபிடிப்பார்கள் என்று எனக்குள் ஒரு கணக்கு. அந்தக் கணக்குப் பிழையாகிவிட்டது. அவளுக்குக் கேட்கும் என்று எல்லார் முன்னாலும் நிரூபித்தாகிவிட்டதே. இனி அவள் திரும்பாவிட்டால் அதற்குப் பெயர் திமிர். "கேக்குது, வேணுமின்னே திரும்ப மாட்டேங்குது" என்று அப்பா அடிக்கத் தொடங்கினார். அடி வாங்கிய நாட்களில் அவள் என் முன்னால் வந்து, தன் சின்னக் காலால் பலகையில் இரண்டு தட்டிவிட்டு என்னைப் பார்த்து நிற்பாள். நான் புத்தகத்தைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்வேன்.

இரண்டு வருஷம் அப்படிப் போனது. முதலாம் வகுப்பு டீச்சர், ஒரு சீமெந்துத் தரை வகுப்பறையில், ஒரே வாரத்தில் கண்டுபிடித்தார். கண்டி ஆஸ்பத்திரியில் பரிசோதித்த யாழ்ப்பாணத்து டொக்டர் அம்மா, "ஏனம்மா இவ்வளவு சுணங்கினீங்கள்? முந்திக் கொண்டுவந்திருந்தா கருவி போட்டுக் கொஞ்சமாவது பேசப் பழக்கியிருக்கலாம்" என்றார். எங்கள் அம்மா அந்த நாளைப் பற்றிச் சொன்னார். பாட்டுக்குத் திரும்பினாளே டொக்டர், நாங்க எல்லாரும் பாத்தோமே என்று. டொக்டருக்கு அது விளங்கவில்லை. நான் கதிரையில் அமர்ந்து என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்பாவும் அம்மாவும் இப்போது உயிரோடு இல்லை. மாமா கம்பியூட்டரை விற்றபோது அந்தக் கார்டை மட்டும் நான் எடுத்து வைத்துக்கொண்டேன். தங்கச்சி தூரத்தில் ஒரு விடுதிப் பள்ளிக்கூடத்தில் கையால் பேசப் படித்தாள். இப்போது கட்டுகஸ்தோட்டையில் தையல் கடை வைத்திருக்கிறாள். கல்யாண பிளவுஸ் தைப்பதற்கு அவளிடம் ஒரு மாதம் முந்திச் சொல்ல வேண்டும். நானும் அவளுக்காகக் கைப்பேச்சுப் படித்தேன். எல்லாம் பேசியிருக்கிறோம், இதைத் தவிர.

போன ஞாயிற்றுக்கிழமை பிஸ்கட் டின்னோடு அவள் கடைக்குப் போனேன். கார்டை மேசையில் வைத்து, எல்லாவற்றையும் கையால் சொன்னேன். குதிகாலை எப்படித் தட்டினேன் என்று எழுந்து நின்று காட்டினேன். அவள் ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு முழுதும் பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். அதற்கு மன்னிப்புக் கேட்கும் வார்த்தைகளை வழியெல்லாம் பழகிக்கொண்டு வந்திருந்தேன்.

அவள் கை மெதுவாகத்தான் பேசியது.

"அந்த நாள் எனக்கு நினைவிருக்கிறது. நீ கூப்பிட்டாய், நான் திரும்பினேன். எல்லாரும் என்னைத் தூக்கினார்கள். அடுத்த நாளிலிருந்து நீ என்னைக் கூப்பிடவே இல்லை."

கார்டை எடுத்து அந்த மூன்று துளைகளையும் விரலால் தடவினாள். கீழே வைத்துவிட்டு, நாலு வயதில் பார்த்த அதே பார்வையோடு என்னிடம் கேட்டாள்.

"நான் திரும்பினது பிழையா அக்கா?"